மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக் கடல் வரை: கூட்டமாகச் சைக்கிள் ஓடப் புதிதாக வருகிறவர்களுக்கு

பள்ளிக்கூட நாட்களோடு சைக்கிளை விட்டவர்கள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து நிற்கிற மருமக்கள், மோட்டார் சைக்கிளைத் தவிர வேறொன்றிலும் ஏறாமல் இருந்துவிட்டு இப்போது ஆசைப்படுகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். இலங்கையின் வடக்கிலுள்ள எங்கள் வன்னிக்குச் சைக்கிள் புதிதல்ல. தொண்ணூறுகளில் பெற்றோலும் மண்ணெண்ணெயும் கிடைக்காத காலத்தில் நெல் மூட்டை, விறகுக் கட்டு, காய்ச்சல்காரப் பிள்ளை என்று எல்லாமே கரியரில்தான் போயின. 2022 இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற மாதங்களில், கோடிப்புறத்தில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் மறுபடி வீதிக்கு வந்தன. ஆகவே சைக்கிள் ஓடுவது எப்படி என்று இங்கே யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. கூட்டமாக ஓடுவது எப்படி என்று மட்டும் சொல்லித்தர வேண்டும். அது வேறு பழக்கம்.

அந்தப் பழக்கத்தின் உயிர் ஒரே ஒரு விதியில் இருக்கிறது. கடைசியில் வருகிறவர் எந்த வேகத்தில் வருகிறாரோ, அதுதான் கூட்டத்தின் வேகம். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த ஒன்றைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

எப்போது போவது

பஞ்சாங்கப்படி இளவேனில் சித்திரையும் வைகாசியும். வன்னியில் சைக்கிளுக்கு இளவேனில் என்றால் மாசியும் பங்குனியின் முதல் பாதியும்தான். மாரி மழையில் குளங்கள் நிரம்பிக் கிடக்கும். வாடைக்காற்று தணிந்திருக்கும். அதிகாலையில் பனி கொட்டும். சித்திரையில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். பத்து மணிக்கே தார் வீதி அனல் வீசும். வைகாசிக்குப் பிறகு சோளகம் என்ற தென்மேற்குக் காற்று கிளம்பிவிட்டால், பழகியவர்களுக்கே மூச்சு வாங்கும்.

நாள் குறிக்கும்போது ஞாயிற்றுக்கிழமையையோ பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தையோ பாருங்கள். மணலும் கிரவலும் ஏற்றும் டிப்பர்கள் மற்ற நாட்களை விடக் குறைவாக ஓடும். அந்த ஒரு காரணமே போதும்.

எந்த வழி

புதியவர்களுக்கு நான் சொல்லும் வழி, மாங்குளம் சந்தியில் ஏ9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பும் ஏ34 வீதி. ஒலுமடு, கரிப்பட்டமுறிப்பு, ஒட்டுசுட்டான், முள்ளியவளை, தண்ணீரூற்று, அதன் பிறகு முல்லைத்தீவு. ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவுக்கு வரும் ஏ35 வீதியும் ஏறத்தாழ அதே தூரம்தான். ஆனால் அது பெரும்பாலும் திறந்த வெளி, நிழல் குறைவு. மாங்குளம் வழியில் முதல் பாதி முழுக்கக் காடு. பாலை, வீரை, முதிரை மரங்கள் வீதிக்கு நிழல் தரும். முதல் தடவை போகிறவருக்கு நிழலை விடப் பெரிய உதவி கிடையாது.

ஏ9 வீதியில் கூட்டமாக ஓட வேண்டாம் என்றே சொல்வேன். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் ஓடும் பேருந்துகளின் வேகத்துக்குப் புதியவர்கள் ஈடுகொடுக்க முடியாது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் (நிலக்கடலை) வாங்கிக்கொண்டு புறப்பட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், மாங்குளத்துக்கு வரும் வழியில் வாகனத்தில் நின்று அதை முடித்துக்கொள்ளுங்கள். கச்சானை மட்டும் நிறைய வாங்குங்கள். வழியில் பசிக்கும்போது ஒரு கைப்பிடி கச்சானும் ஒரு துண்டு பனங்கட்டியும் தரும் தெம்பைக் கடையில் விற்கும் பிஸ்கட் தராது.

மூன்று வாரம் முன்பே

ஐம்பது கிலோமீற்றர் என்றால் பயப்படத் தேவையில்லை. ஆனால் ஆயத்தமில்லாமல் வரக்கூடாது. முதல் வார இறுதியில் பத்துக் கிலோமீற்றர், அடுத்த வாரம் இருபது, அதற்கடுத்த வாரம் முப்பது. முப்பதை ஓடி இறங்கியதும் உங்களால் சிரித்துப் பேச முடிந்தால், ஐம்பதும் முடியும். உட்காரும் இடம் வலிப்பது இரண்டாவது வாரத்தோடு குறைந்துவிடும். முழங்கால் வலித்தால் இருக்கை பதிந்து கிடக்கிறது என்று அர்த்தம். பெடல் அடியில் நிற்கும்போது கால் கிட்டத்தட்ட நிமிர்ந்திருக்க வேண்டும். முழங்கால் சற்றே மடங்கியிருந்தால் போதும். நம்மூரில் பாதிப் பேர் தரையில் கால் ஊன்ற வசதியாக இருக்கையைப் பதித்துவைத்து, முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

சைக்கிளைப் பார்ப்பது

விலை கூடிய கியர் சைக்கிள் வேண்டியதில்லை. வீட்டில் நிற்கும் சாதாரண லுமாலா சைக்கிளே போதும். ஆனால் புறப்படுவதற்கு முதல் நாள் காலையில் அதைக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். முதல் நாள் மாலையில் பார்த்தால், குறை கண்டாலும் திருத்தும் கடை பூட்டியிருக்கும்.

சில்லைக் கையால் சுற்றிவிடுங்கள். ரிம் ஆடினால் கம்பிகள் தளர்ந்திருக்கின்றன. பிரேக் கட்டை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ரிம்மைப் பிடிக்கிறதா, டயர் ஓரத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். காற்றடித்து முடிந்ததும் ஒரு விரலில் எச்சில் தொட்டு வால்கட்டையின் வாயில் வையுங்கள். எச்சில் அப்படியே இருந்தால் சரி. மெல்ல ஒரு குமிழி ஊதி உடைந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் பழசாகிவிட்டது, மாற்றுங்கள். எங்கள் அப்பு செய்த சோதனை இது. இன்றைக்கும் இதை விட நல்ல சோதனையை நான் காணவில்லை.

செயினுக்கு எண்ணெய் விட்டு, மேலே வழிந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள். வழிந்த எண்ணெயில் தூசி ஒட்டினால் செயின் அரைபடும்.

ஒட்டுப் போடக் கற்றுக்கொள்ளுங்கள்

கூட்டத்தில் குறைந்தது மூன்று பேருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இரண்டு ரியூப், ஒரு பம்ப், ஒட்டுத் துண்டு, சொலுசன், அரத்தாள், டயர் நெம்பும் கட்டை, ஒரு ஸ்பானர் ஆகியவை கட்டாயம் கூட்டத்தோடு வர வேண்டும்.

காற்றுப் போனால் பெரும்பாலும் முள்ளாகத்தான் இருக்கும். வீதியை விட்டு ஒரு முழம் இறங்கினாலும் நெருஞ்சி கிடக்கும். ரியூப்பை வெளியே எடுத்துக் கொஞ்சம் காற்றடித்து, தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். வாளி இல்லாவிட்டால் கன்னத்துக்கு அருகே பிடித்துச் சுற்றுங்கள். காற்று முகத்தில் குளிர்ச்சியாகப் படும் இடம்தான் ஓட்டை. அந்த இடத்தை ஈரமில்லாமல் துடைத்து, அரத்தாளால் மங்கும் வரை தேய்த்து, சொலுசனைப் பூசிவிட்டுக் காத்திருங்கள். புதியவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். ஈரமாக இருக்கும்போதே ஒட்டிவிடுகிறார்கள். தொட்டால் விரலில் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் நூலாக இழுபடக்கூடாது. அப்போது ஒட்டி, கட்டை விரலால் நடுவிலிருந்து வெளியே அழுத்துங்கள்.

ரியூப்பை மறுபடி ஏற்றும் முன், டயரின் உட்புறத்தை விரல் நுனியால் மிக மெதுவாகத் தடவிப் பாருங்கள். முள்ளின் முனை அங்கேயே இருக்கும். அதை எடுக்காமல் ஏற்றினால் நூறு யார் தூரம் போவதற்குள் மறுபடி இறங்கும்.

யார் எங்கே ஓடுவது

பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் வரை ஒரு கூட்டம். அதற்கு மேல் போனால் இரண்டாகப் பிரித்து, இடையில் கால் மணி நேரம் விடுங்கள். நீண்ட கூட்டத்தை ஒரு பேருந்தால் ஒரே மூச்சில் முந்த முடியாது. நடுவில் வந்து நுழையும்.

முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், இருவரும் வழி தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். முன்னால் போகிறவரை யாரும் முந்தக்கூடாது. கடைசியில் வருகிறவரை விட்டு யாரும் பின்தங்கக்கூடாது. பொதுவாக நல்ல பலசாலியை முன்னால் விடுவார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. பலசாலியைக் கடைசியில் வைப்பேன். பின்தங்கியவரோடு கூட வந்து, செயின் மாட்டி, தேவைப்பட்டால் மீண்டும் ஓடிப் போய்ச் சொல்லக்கூடியவர் அவர்தான். முன்னால் விட வேண்டியது பொறுமைசாலியை. எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் முன்னால் போவார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு முறை நாங்கள் ஒரு பையனைக் காட்டில் விட்டுவிட்டு வந்தோம். பதினேழு பேர் போயிருந்தோம். எல்லோரும் தெரிந்தவர்கள்தானே என்று யாரையும் கடைசியில் நிறுத்தவில்லை. ஒலுமடு தாண்டியதும் நல்ல வீதி, நல்ல நிழல், இளைஞர்கள் வேகம் பிடித்தார்கள். ஒட்டுசுட்டானில் தேநீர்க் கடையில் நின்றோம். கடைக்கார அம்மா நாங்கள் சொன்னபடி பதினேழு பிளேன்ரீ ஊற்றி வைத்தார். எல்லோரும் குடித்து முடித்த பிறகும் ஒரு கோப்பை மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

நானும் இன்னொருவரும் திரும்பி ஓடினோம். சில கிலோமீற்றர் தள்ளி, செயின் அறுந்த சைக்கிளை உருட்டிக்கொண்டு, இரண்டு கையும் கறுத்த எண்ணெயாக, அவன் தனியே நடந்து வந்துகொண்டிருந்தான். பத்தாம் வகுப்புப் படிக்கிறவன். "கூப்பிட்டேன் அண்ணை, உங்களுக்குக் கேட்கவில்லை" என்று மட்டும் சொன்னான். அன்றைக்குப் பிறகு ஆட்களை எண்ணாமல் நாங்கள் ஓரிடத்திலும் பெடல் மிதித்ததில்லை.

எண்ணும் முறை எளிது. புறப்படும்போது ஒவ்வொருவருக்கும் ஓர் எண். நிற்கும் ஒவ்வோர் இடத்திலும், புறப்படுவதற்கு முன், முன்னாலிருந்து பின்னால் அவரவர் எண்ணை உரத்துச் சொல்ல வேண்டும். எண் விடுபட்டால் கூட்டம் அசையக்கூடாது. முன்னால் போகிறவரிடமும் கடைசியில் வருகிறவரிடமும் ஆளுக்கொரு விசில் இருக்கட்டும். ஒரு நீண்ட ஊதல் என்றால் எல்லோரும் ஓரம் கட்டி நிற்பது. வேறு சைகைகள் வைத்துக் குழப்ப வேண்டாம்.

அன்று காலை

ஐந்தரைக்கு மாங்குளத்தில் கூடுங்கள். நிலம் தெளிந்த பிறகு புறப்படுங்கள். மாசி கடைசியில் அதற்கு ஆறு மணி கடந்துவிடும். இருட்டில் புறப்பட்டு நேரம் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். ஒட்டுசுட்டானை ஒட்டிய காடுகளில் யானை நடமாட்டம் உண்டு. அது வீதியைக் கடப்பது பெரும்பாலும் இருள் பிரியும் நேரத்திலும் மாலை மங்கும் நேரத்திலும்தான். வீதியில் ஈரமான லத்தியோ புதிதாக முறிந்த கிளையோ கிடந்தால் நின்று, எதிரே வரும் வாகனக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். யானையே நின்றால் மணியடிக்க வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். சத்தமில்லாமல் திரும்பிப் போய், அது விலகும் வரை காத்திருங்கள்.

கிழக்கு நோக்கிப் போவதில் வேறு ஓர் ஆபத்து இருக்கிறது. அதைப் பலர் யோசிப்பதில்லை. ஏழு மணிச் சூரியன் உங்கள் கண்ணுக்கு நேரே நிற்கும். உங்கள் பின்னால் வரும் சாரதியின் கண்ணுக்கும் அதே சூரியன்தான். அவருக்கு நீங்கள் ஒரு கறுப்புப் புள்ளி. ஆகவே எட்டு மணி கடக்கும் வரை ஒருவர் பின் ஒருவராக மட்டும் ஓடுங்கள். பக்கத்தில் வந்து கதைக்கும் ஆசையைப் பிறகு பார்க்கலாம். மஞ்சளோ வெள்ளையோ போன்ற பளிச்சென்ற சட்டை போடுங்கள். விளிம்பு வைத்த தொப்பி கண்ணைக் காக்கும். தலைக்கவசம் இருக்கிறவர்கள் அதையே போடுங்கள்.

முன்னால் போகிறவரின் பின்சில்லுக்கும் உங்கள் முன்சில்லுக்கும் இடையில் இரண்டு சைக்கிள் நீளம் விடுங்கள். பேருந்தோ டிப்பரோ முந்தும்போது கைப்பிடியைப் பதறித் திருப்பாமல் நேராகப் பிடியுங்கள். அது கடக்கும்போது காற்று முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். காப்பெற் வீதி முடிந்து கிரவல் தொடங்கும் இடத்தில் சில இடங்களில் ஒரு சாண் பள்ளம் இருக்கும். நான் கண்ட விழுகைகளில் பாதிக்கு மேல், பயந்து அந்தப் பள்ளத்தில் இறங்கி, உடனே மறுபடி ஏற முயன்றதால் வந்தவை. தப்பித்தவறி இறங்கிவிட்டால் இறங்கியபடியே போய், வேகம் குறைந்து, நின்று, சைக்கிளைத் தூக்கி ஏற்றுங்கள்.

நெல் காயும் வீதி

மாசியில் காலபோக அறுவடை. வீதியின் ஒரு பக்கத்தில் பாய் விரித்தது போல நெல் காய்ந்துகொண்டிருக்கும். நடுவில் ஒரு கல்லோ மரக்கிளையோ எல்லைக்கு வைத்திருப்பார்கள். அந்த நெல்லின் மேல் சைக்கிளை ஏற்ற வேண்டாம். அது வழுக்கும் என்பது ஒன்று. ஒரு குடும்பத்தின் நான்கு மாத உழைப்பு என்பது அதை விடப் பெரிது. முன்னால் போகிறவர் நெல்லைக் கண்டதும் கையை உயர்த்த, எல்லோரும் வேகம் குறைத்து, எதிரே வாகனம் இல்லை என்று பார்த்து, ஒவ்வொருவராகச் சுற்றிப் போக வேண்டும். காலால் நெல்லைத் துழாவிக்கொண்டு நிற்கும் ஐயாவுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போனால், அடுத்த சந்தியில் தண்ணீர் எங்கே நன்றாக இருக்கும் என்று அவராகவே சொல்லுவார்.

வைக்கோலை அலட்சியம் செய்ய வேண்டாம். ஒரு பிடி வைக்கோல் பின்சில்லின் அச்சில் சுற்றிக்கொண்டால் கத்தி வைத்து வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

மாடுகள் பட்டியிலிருந்து வரும் நேரமும் இதுதான். மணியடித்தால் கன்று எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. இறங்கி உருட்டுங்கள்.

எங்கே நிற்பது, என்ன குடிப்பது

மணிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் வேகம் போதும். ஓடும் நேரம் நான்கு மணிக்குச் சற்று மேல், நிற்கும் நேரம் ஒரு மணி. பதினொன்றரைக்கு முன் கடலைக் காணலாம். அதற்கு மேல் பிந்தினால் கடற்காற்று எழுந்து நேரே முகத்தில் அடிக்கும். காலையில் முதுகைத் தள்ளிவிட்ட தரைக்காற்று அப்போது இருக்காது. கடைசிப் பத்துக் கிலோமீற்றரில் புதியவர்கள் சோர்வது பெரும்பாலும் இதனால்தான்.

ஒட்டுசுட்டானில் காலைச் சாப்பாடு வையுங்கள். புட்டும் சம்பலும் கிடைக்கும். வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். ஓர் இதரை வாழைப்பழம் சேர்த்துக்கொண்டால் போதும். தான்தோன்றீஸ்வரர் கோவில் வீதி நல்ல இளைப்பாறும் இடம். குரக்கன் அறுத்த வயலில் மிஞ்சிய ஒட்டுகளைச் சுட்டபோது, எரியாமல் நின்ற இடத்தில் லிங்கம் வெளிப்பட்டதென்றும், ஊருக்கு அப்படித்தான் பெயர் வந்ததென்றும் சொல்லுவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அந்தக் கதையை அங்கேயே வைத்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது தரிப்பு முள்ளியவளை. காட்டா விநாயகர் கோவில் பக்கம் நிற்கலாம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பது இந்தக் கோவிலில்தான் தொடங்குகிறது.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றர், தாகம் வருமுன் ஒவ்வொரு மிடறாக. ஒரு போத்தலில் தேசிக்காயும் உப்பும் சீனியும் கலந்து வையுங்கள், அல்லது கடையில் விற்கும் ஜீவனி உப்புக் கரைசல் தூளைக் கரைத்துக்கொள்ளுங்கள். யாராவது வியர்ப்பது நின்று, முகம் சிவந்து, பேச்சுக் குழறினால் அது வெறும் களைப்பல்ல. நிழலில் படுக்க வைத்து, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்துக்கொண்டே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் சேவை இலவசம். மாங்குளத்திலும் முள்ளியவளைக்கு அருகே மாஞ்சோலையிலும் பெரிய வைத்தியசாலைகள் இருக்கின்றன; நடுவழியில் எது கிட்ட என்பதைக் கடைசியில் வருகிறவர் மனதில் வைத்திருக்க வேண்டும்.

பெண்பிள்ளைகள் வருகிற கூட்டமென்றால், கழிவறை வசதி உள்ள இடங்களை முந்தைய வாரமே ஒருவர் போய்க் கேட்டு வைக்க வேண்டும். கேட்டால் யாரும் மறுப்பதில்லை. கேட்காமல் போய், அக்காமாரும் தங்கச்சிமாரும் தண்ணீர் குடிக்காமலே ஓடி மயங்கிய கூட்டங்கள் உண்டு. காட்டுக்குள் ஒதுங்கலாம் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை நிற்கும் இடத்தில் மட்டுமல்ல, பலகை இல்லாத காட்டிலும் ஆட்கள் நடந்து பழகிய பாதையை விட்டு விலக வேண்டாம். புதர்க்குள் எந்த இரும்பையும் தொட வேண்டாம். பிள்ளைகளுக்கு இதைப் புறப்படும் முன் ஒரு தடவை, ஒட்டுசுட்டானில் ஒரு தடவை சொல்லுங்கள்.

கூட ஒரு பட்டா வாகனம்

முடிந்தால் ஒரு பட்டா (சின்ன லொறி) பிடியுங்கள். தண்ணீர், மருந்துப் பெட்டி, மேலதிக டயர் அதில் வரட்டும். அது கூட்டத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு ஊர்ந்து வரக்கூடாது. பின்னால் வாகனங்கள் சேர்ந்து, பொறுமையிழந்து, ஆபத்தாக முந்தத் தொடங்கும். அடுத்த தரிப்பிடத்துக்கு முன்னே போய் நிற்கட்டும். இனி முடியாது என்று ஒருவர் சொன்னால், மறுபேச்சில்லாமல் சைக்கிளை ஏற்றுங்கள். அவரைக் கேலி செய்ய யாரையும் விடாதீர்கள். அடுத்த வருடமும் அவர் வர வேண்டும்.

திரும்பும்போதும் பட்டாவில்தான் சைக்கிள்கள். இரண்டு சைக்கிள்களுக்கு நடுவே ஒரு பழைய சாக்கு வைத்துக் கட்டினால் பெயின்ற் உரசாது. ஆட்கள் பஸ்ஸில் வரலாம். முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பஸ் உண்டு.

கடலைக் கண்டதும்

முல்லைத்தீவுக் கடல் அழகானது. ஆனால் குளிக்கத் தோதானது அல்ல. அலை வலிது, நீரோட்டம் இழுக்கும், கால் களைத்திருக்கும். கரையில் கால் நனைத்தால் போதும். முதலில் வந்தவர்கள் உடனே கலைந்து போகாமல், கடைசி ஆள் வந்து இறங்கும் வரை வீதியோரம் நில்லுங்கள். கடைசி எண் சொல்லப்பட்ட பிறகுதான் சாப்பாடு. நாங்கள் காட்டில் விட்டுவிட்டு வந்த அந்தப் பையன்தான் இப்போது கடைசியில் வருகிறவன். அவன் எண்ணைச் சொல்லும்போது குரல் மற்ற எல்லோரையும் விட உரத்து வரும்.

அன்றிரவு எவ்வளவு களைப்பாக இருந்தாலும் சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மணல் செயினுக்குள்ளும் பெடலுக்குள்ளும் இருக்கும். துணியால் துடைத்து, உலரவிட்டு, செயினுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் படுங்கள். உப்புக்காற்றுப் பட்ட செயின் இரண்டே நாளில் சிவந்துவிடும்.